தாய்மரம் தெரியாத கன்று

ஒரு ஏக்கர் மாந்தோப்புக்கு 10 மீட்டர் இடைவெளியில் 40 கன்று போதும். கன்று நூறு ரூபாய் என்றாலும் மொத்தம் 4,000 ரூபாய்தான் ஆகிறது. குழி எடுக்கவும் வேலி போடவும் சொட்டுநீர் இழுக்கவும் ஆகும் செலவுக்கு முன்னால் இது கணக்கிலேயே வராத தொகை. ஆனால் அந்த 4,000 ரூபாயில் நடந்த தப்பு நான்காம் ஆண்டு காய் தொங்கும்போதுதான் வெளியே தெரியும். இமாம்பசந்த் என்று வாங்கி நட்ட வரிசையில் எட்டு மரம் பெங்களூராவாக நிற்கும். இரண்டு மரம் எந்த ரகம் என்றே சொல்ல முடியாது. அதற்குள் ரசீது தொலைந்திருக்கும், அல்லது முதலிலேயே கொடுத்திருக்க மாட்டார்கள். நெல் விதையில் ஏமாந்தால் ஒரு போகம் போகும். மரப்பயிரில் ஏமாந்தால் முப்பது ஆண்டு அதே மரத்தோடு வாழ வேண்டும், இல்லையென்றால் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல கன்று கிடைக்கவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இன்னும் நர்சரிகள் வேண்டும், இன்னும் நிழல்வலைக் குடில்கள் வேண்டும் என்றே தீர்வு சொல்லப்படுகிறது. உண்மையில் கன்றுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் வட்டாரம் மா ஒட்டுக்கன்றுக்கே பேர் பெற்றது. அங்கிருந்து வெளி மாநிலங்களுக்கும் கன்று போகிறது. ஒட்டுக் கட்டும் கை வேகமும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களிடம் தாராளமாக இருக்கிறது. தட்டுப்பாடு தாய்மரத்தில்தான். கணக்குப் போட்டால் புரியும்.

ஒரு நர்சரி ஆண்டுக்கு ஒரு லட்சம் மா ஒட்டுக்கன்று விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிய ஒட்டில் நூற்றுக்கு எழுபது பிடித்தால், ஒரு லட்சம் கன்று தேற 1,43,000 ஒட்டு கட்ட வேண்டும். தாய்மரத்திலிருந்து வெட்டிய அத்தனை ஒட்டுக்குச்சி வேண்டும், அதை ஏற்றக் கொட்டையிலிருந்து முளைத்த அத்தனை வேர்ச்செடியும் வேண்டும். கொட்டை முளைப்பும் எழுபது விழுக்காடு என்றால் இரண்டு லட்சத்துக்கும் மேல் கொட்டை ஊன்ற வேண்டும். இவ்வளவு குச்சியும் சில மாதங்களுக்குள், அதுவும் ரகவாரியாகத் தேவை. தனக்கென்று தாய்மரத் தோப்பு இல்லாத நர்சரி இதை எங்கே வாங்கும்? அக்கம்பக்கத்துத் தோப்புகளில் கவாத்துச் செய்தது, கூலிக்கு ஆள் விட்டு வெட்டி வரச் சொன்னது, அதுவும் போதாதபோது விற்பனைக்கு நிற்கும் ஒட்டுக்கன்றின் நுனியையே கிள்ளி அடுத்த கன்றுக்கு ஒட்டியது. இந்தக் கடைசி வழிதான் மிகக் கெட்டது. கன்றிலிருந்து கன்று என்று நாலைந்து சுற்று போனபின் அந்தக் குச்சி எந்த மரத்திலிருந்து புறப்பட்டது என்று நர்சரிக்காரருக்கே தெரியாது. முதல் சுற்றில் ஒரு கட்டு மாறியிருந்தால் ஐந்தாம் சுற்றில் அது ஆயிரம் கன்றாகப் பெருகியிருக்கும்.

தாய்மரத் தோப்பு என்பது காய்ப் பறிக்கும் தோப்பு இல்லை. அங்கே மரம் நெருக்கி நடப்படும், ஆண்டுதோறும் கவாத்துச் செய்யப்பட்டுக் குச்சிக்காகவே தழைக்க வைக்கப்படும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, தோப்புக்கு வரைபடம் உண்டு. எந்த மரத்திலிருந்து எந்தத் தேதியில் எத்தனை குச்சி எடுத்தோம் என்று ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் ஒரு கிளையையாவது வெட்டாமல் விட்டு, காய் பார்த்து ரகத்தை உறுதிசெய்ய வேண்டும். காயே காட்டாத மரம் தாய்மரம் ஆகாது. நோய்ப் பார்வையும் முக்கியம். மாவில் பூங்கொத்து உருக்குலைவு காட்டும் மரத்திலிருந்து குச்சி எடுத்தால் நோய் கன்றோடு போகும். நாற்றங்காலிலேயே நுனியில் கொத்துக் கொத்தாகக் குட்டை இலை விட்டுக் குறுகி நிற்கும் கன்று இதன் அடையாளம். அதைப் பார்த்தவுடன் பிடுங்கி எரிக்காமல் நுனியை வெட்டி அழகாக்கி விற்பவர்களும் உண்டு.

தாய்மரத்தைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள், வேர்ச்செடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து வரும் கொட்டைதான் ஊன்றப்படுகிறது. மலிவு, ஒரே இடத்தில் லாரி லாரியாகக் கிடைக்கும். ஆனால் பெங்களூரா, நீலம், பங்கனப்பள்ளி போன்ற நம் ரகங்களின் கொட்டையில் ஒரே ஒரு கரு. அது மகரந்தச் சேர்க்கையில் உண்டானது, ஆகவே ஒவ்வொரு கொட்டையும் ஒவ்வொரு விதமாக வளரும். ஒரே குச்சியை வைத்து ஒட்டிய தோப்பிலும் ஒரு மரம் ஓங்கி, ஒரு மரம் குன்றி நிற்பதற்கு இது ஒரு காரணம். ஒலூர், பப்பக்காய், குருக்கன், வெள்ளைக் கொழும்பான் போன்றவை பல கரு ரகங்கள். அவற்றின் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நாலு முளை வரும்; பெரும்பாலானவை தாயை அப்படியே உரித்து வைத்தவை. வேர்ச்செடி சீராக வேண்டுமென்றால் இவற்றுக்கெனத் தனித் தோப்பு போட வேண்டும். நாம் இன்னும் அங்கே போகவில்லை.

கொட்டை பழசாகக் கூடாது. பழத்திலிருந்து எடுத்த நாலைந்து வாரத்தில் முளைப்புத் திறன் போய்விடும், ஒரு வாரத்துக்குள் ஊன்றுவது நல்லது. தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் எடுக்க வேண்டும். ஊன்றும்போது குழிந்த பக்கம் கீழே, வளைந்த முதுகு மேலே. தலைகீழாக வைத்தால் முளை வளைந்து நெளிந்து மேலே வரும். அந்தக் கோணல் கழுத்து பிறகு நிமிராது, ஒட்டுக் கட்டவும் வாகாக இருக்காது.

ஒட்டு பிடிப்பதும் பிடிக்காததும்

முளை ஒட்டில் வேர்ச்செடியின் வயது 10 முதல் 15 நாள். தண்டும் இலையும் செம்பு நிறத்தில் இருக்கும்போதே கட்ட வேண்டும். பச்சை ஏறிவிட்டால் பிடிப்பு குறையும். மென்தண்டு ஒட்டில் வேர்ச்செடி பல மாதம் வளர்ந்தது, அதன் புதுத் தளிர்த் தண்டில் கட்டுவார்கள். எதுவானாலும் குச்சிக்கான தயாரிப்பு ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. மரத்தின் வெளிச்சுற்றில், பூக்காத, மூன்று நாலு மாத வயதுள்ள நுனிக் குச்சியைத் தேர்ந்து, காம்பு மட்டும் ஒட்டியிருக்க இலைப்பரப்பை வெட்டி விட வேண்டும். ஏழு முதல் பத்து நாளில் காம்புகள் தானே உதிரும், நுனி மொட்டு புடைத்து வரும். அப்போது வெட்டிய குச்சிதான் சீக்கிரம் தளிர்க்கும். நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர், பருமன் வேர்ச்செடித் தண்டோடு ஒத்திருக்க வேண்டும்.

வேர்ச்செடியின் தலையை வெட்டி நடுவில் 4 முதல் 5 சென்டிமீட்டர் பிளந்து, குச்சியின் அடியை அதே நீளத்துக்கு ஆப்பு மாதிரி இரு பக்கமும் சீவிச் செருகுவது வேலை. பருமன் ஒத்துவரவில்லை என்றால் ஒரு பக்கமாவது பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்கு நேராகச் சேர வேண்டும். நடுவில் அழகாக வைத்து இரு பக்கமும் சேராமல் விட்ட ஒட்டு பத்து நாளில் கருகும். பாலித்தீன் பட்டையால் இறுக்கிச் சுற்றி, மேலே ஈரப்பதம் காக்கப் பாலித்தீன் குல்லாய் போட வேண்டும். தளிர் விட்டதும் குல்லாயை எடுக்கலாம், அதற்கு முன் ஆவல் கூடாது. கத்தியை ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். இதைச் செய்யும் இடங்கள் குறைவு. ஒட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும்போது கத்தி துடைக்கும் நேரம் தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து போகிறது. அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி வைத்தால்தான் கத்தி துடைக்கப்படும்.

பிறகு இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, சுற்றிய பட்டையைப் பிரிக்காமலே விற்பது. தண்டு பருத்ததும் பட்டை உள்ளே அழுந்தி, கழுத்தை நெரித்த மாதிரி ஆகிவிடும். ஒட்டுக்கு மேலே புடைத்து, காற்றடித்தால் அங்கேயே முறியும். இன்னொன்று, ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி விடும் தளிரைக் கிள்ளாமல் விடுவது. மேலே குச்சி மெல்லச் செத்திருக்கும், கீழேயிருந்து வந்த தளிர் செழிப்பாக நிற்கும். பார்க்க நல்ல கன்று. வாங்குபவர் அந்தப் பசுமையைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார். எந்தத் தளிரும் ஒட்டுத் தழும்புக்கு மேலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதை விரல் வைத்துத் தடவிப் பார்த்தாலே தெரியும்.

வாங்குபவர்கள் பக்கம் ஒரு பிடிவாதம் உண்டு, உயரமான கன்றுதான் வேண்டும் என்பது. இதனால் விற்காமல் நின்ற இரண்டு மூன்று ஆண்டுக் கன்று அதிக விலைக்குப் போகிறது. சின்னப் பையில் அத்தனை நாள் நின்ற ஆணிவேர் அடியில் முட்டி, வளையல் மாதிரிச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் மரத்தோடு சேர்ந்து பருத்துக்கொண்டே போய், ஐந்தாறு வயதில் தன்னையே நெரிக்கும். மரம் காரணமில்லாமல் மஞ்சளித்துக் காயும், அல்லது ஒரு பலத்த காற்றில் வேரோடு சாயும். ஓராண்டு வயது, பென்சில் பருமனுக்குக் குறையாத தண்டு, இரண்டு தளிர் முற்றி இலை கரும்பச்சை ஆனது. மாவுக்கு இது போதும்.

கொய்யா சொல்லிக்கொடுத்த பாடம்

நர்சரி கெட்டால் ஒரு மாவட்டமே எப்படிக் கெடும் என்பதற்குக் கொய்யாவைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலுக்கியது வேர்முடிச்சு நூற்புழுவில் ஒரு புது இனம். மெலாய்டோகைன் என்டெரோலோபி என்பது பெயர். பழைய இனங்களைவிட மூர்க்கமானது. வேரில் பட்டாணி அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், தண்ணீர் ஏறாது. இலை வெண்கல நிறமாகி உதிரும், வாடல் பூசணமும் அந்தப் புண்ணில் நுழைந்துகொள்ளும். மரம் மடிந்துவிடும்.

இந்தப் புழு தானாக ஊர்ந்து போகும் தூரம் ஆண்டுக்குச் சில அடிகள்தான். மாவட்டம் விட்டு மாவட்டம் அது போனது கன்றோடும் பை மண்ணோடும். கொய்யா பெரும்பாலும் பதியனில், அதாவது கிளையை மரத்திலிருக்கும்போதே வேர்விட வைத்து, பெருக்கப்படுகிறது. பதியனை வெட்டிப் பையில் வைக்கும்போது, மண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பழைய தோட்டத்து ஓரத்திலிருந்து. புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. முட்டையிலிருந்து முட்டை வரை ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மாதம், ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை இடும். ஆறு மாதம் பையில் நிற்கும் கன்றில் அது ஐந்தாறு தலைமுறை எடுத்திருக்கும். ஆனால் நர்சரியில் தினம் தண்ணீர், வாரம் ஒரு முறை உரம். ஆகையால் இலையில் ஒன்றும் தெரியாது. நிலத்தில் நட்டு, முதல் கோடை வந்ததும்தான் குட்டு உடையும். அதற்குப் பிறகு அந்த நிலத்திலிருந்து புழுவை முழுக்க ஒழிக்க யாராலும் முடியாது.

தடுக்கும் இடம் நர்சரிதான், அங்கே செலவும் குறைவு. மண் கலவையை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, மெல்லிய கண்ணாடி நிறப் பாலித்தீன் தாளால் மூடி ஓரத்தை மண்ணால் அடைத்து, ஏப்ரல் மே வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கருப்புத் தாளில் அந்த அளவுக்கு உள்ளே சூடு ஏறாது. மண் காய்ந்திருந்தாலும் பலன் பாதிதான், ஈரத்தில்தான் வெப்பம் கீழே இறங்கும். அதன்பின் ஊட்டமேற்றிய தொழு உரம் கலக்க வேண்டும். ஒரு டன் மக்கிய தொழு உரத்துக்கு நன்மை செய்யும் பூசணங்களான டிரைக்கோடெர்மா 2 கிலோ, பர்ப்யூரியோசிலியம் 2 கிலோ கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் மூடி வைத்தால் நுண்ணுயிர் பெருகியிருக்கும். கூடவே வேப்பம் பிண்ணாக்கு. பிறகு ஒரு விஷயத்தைக் கட்டாயமாக்க வேண்டும்: நிரப்பிய பையை வெறும் தரையில் அடுக்கக் கூடாது. ஜல்லி அல்லது சிமெண்டுத் தளம், குறைந்தது களைத்தடுப்பு விரிப்பு. பையின் ஓட்டை வழியாக வேர் கீழ்மண்ணுக்குள் இறங்கினால் மேலே செய்த அத்தனையும் வீண்.

வாழையில் ஏமாற்றம் வேறு மாதிரி. திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோய் இல்லாதது என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. ஆய்வகச் சூழல் பூசணத்தையும் பாக்டீரியாவையும் புழுவையும் வெளியே நிறுத்தும். தாய்க்கிழங்கில், இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்க வைக்கும் முடிக்கொத்து வைரஸ் இருந்தால் திசு வளர்ப்பு அதை ஆயிரக்கணக்கான கன்றாகப் பெருக்கித் தரும். கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையை ஒரு காலத்தில் அழித்தது இந்த முடிக்கொத்து நோய்தான். தாய்க்கிழங்கை ஆய்வகத்துக்குள் எடுக்கும் முன்னும், பெருக்கிய தொகுதியை வெளியே விடும் முன்னும் வைரஸ் சோதனை செய்வதுதான் பாதுகாப்பு. இதற்காகவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்று முறையைக் கொண்டுவந்தது. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் சோதனை வசதி இருக்கிறது. ஒரு கிழங்கையே மறுபடி மறுபடி பிரித்துப் பெருக்கினால் உருமாறிய கன்றுகளும் கூடும், அதனால்தான் பெருக்கச் சுற்றுகளுக்கு வரம்பு வைக்கிறார்கள். வாங்கும்போது சான்று அட்டையும் தொகுதி எண்ணும் கேளுங்கள். முப்பது சென்டிமீட்டர் உயரம், ஐந்தாறு இலை, இரண்டாம் நிலைக் கடினப்படுத்தல் (ஆய்வகக் கன்றை வெளிச் சூழலுக்குப் பழக்குவது) முடிந்தது என்பது குறைந்தபட்சம்.

காய்கறி நாற்றில் நிலைமை பரவாயில்லை. 98 குழி கொண்ட நாற்றுத்தட்டும் கோகோபிட் என்ற தென்னை நார்க் கழிவும் வந்தபின் தக்காளி நாற்று 25 நாளில், மிளகாய் 35 நாளில் ஒரே சீராக வருகிறது. ஒரு தட்டு நிரப்ப ஏறக்குறைய 1.2 கிலோ கோகோபிட் வேண்டும். கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். உப்புக் கழுவாத கோகோபிட்டில் நாற்று இலை ஓரம் கருகிக் குன்றும், உப்பளவு (EC) 0.5 mS/cm-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர் ஒன்று நர்சரியில் இருந்தே ஆக வேண்டும். பூச்சிவலையில் ஒரு கிழிசல் விட்டால் வெள்ளை ஈ புகுந்து இலைச்சுருள் வைரஸை நாற்றிலேயே ஏற்றிவிடும். கத்தரியில் வாடலும் நூற்புழுவும் உள்ள நிலத்துக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டிய நாற்று நல்ல வழி. விலை கூடுதல்தான், ஆனால் அந்த நிலத்தில் சாதா நாற்று நிற்காது.

சட்டமும் திட்டமும்

நர்சரியில் விற்கும் கன்றும் நாற்றும் 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது, ரசீது தராமல் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் விதை ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். உரிமம் இருப்பது ஒரு தொடக்கம்தான். கன்றின் தரத்தைக் கண்ணால் பார்க்கலாம். ரகத்தையும் வைரஸையும் பார்க்க முடியாது. அவற்றுக்குத் தாய்மரப் பதிவேட்டையும் ஆய்வகத்தையும் விட்டால் வேறு வழியில்லை. தேசியத் தோட்டக்கலை வாரியம் நர்சரிகளுக்கு அங்கீகாரம் தரும்போது தாய்மரத் தோப்பைப் பார்ப்பது இதனால்தான்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,765.67 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த தூய தாவரத் திட்டம் சரியான இடத்தில் கை வைக்கிறது. நாடு முழுக்க ஒன்பது மையங்கள் அமைத்து, பழப்பயிர்த் தாய்ச்செடிகளை வைரஸ் சோதித்து, நோய் இருந்தால் வெப்பம் கொடுத்தும் நுனித் திசுவை மட்டும் பிரித்து வளர்த்தும் சுத்தம் செய்து, அந்தத் தாய்ச்செடியை நர்சரிகளுக்குக் கொடுப்பது நோக்கம். நமக்குப் பக்கம் பெங்களூரு மையம், மா, கொய்யா, வெண்ணெய்ப்பழத்துக்கானது. இதன் பலன் தோப்பை எட்ட ஆண்டுகள் ஆகும். சுத்தமான தாய்ச்செடி வந்து, நர்சரியில் மரமாகி, குச்சி தரவே மூன்று நாலு ஆண்டு வேண்டும். அதற்குள் நர்சரி மண்ணையும் பதிவேட்டையும் சரிசெய்யாவிட்டால் சுத்தமான குச்சி அழுக்கு மண்ணில் போய் நிற்கும்.

மானியத் திட்டங்கள் ஓடும் வேகமும் மாற வேண்டும். ஜூன் ஜூலையில் ஊன்றிய மாங்கொட்டை முளை ஒட்டாகி விற்பனைக்கு வர அடுத்த ஆடிப் பட்டம் ஆகும். மென்தண்டு ஒட்டு இன்னும் அதிக நாள் எடுக்கும். ஆனால் இத்தனை லட்சம் கன்று வேண்டும் என்ற கேட்பு மழைக்கு இரண்டு மாதம் முன்னால் வந்து விழுந்தால், பதிவேடு வைத்திருக்கும் நர்சரியிடம் அத்தனை கன்று இருக்காது. எங்கெங்கோ திரட்டி லாரியில் ஏற்றித் தருபவரிடம்தான் இருக்கும். கேட்பு ஓராண்டு முன்னால் வந்து, கால் பங்கு முன்பணமும் கிடைத்தால் நல்ல நர்சரிக்காரர் துணிந்து ரகவாரியாகக் குச்சி வெட்டுவார். தனி விவசாயிக்கும் இதே வழிதான்: இந்த ஆவணியில் பதிவு செய்து அடுத்த ஆண்டு நட வேண்டும்.

கன்று வண்டியிலிருந்து இறங்கியதும் நூறில் மூன்று நாலு கன்றைப் பையைக் கிழித்து வாளித் தண்ணீரில் வேரை அலசிப் பாருங்கள். அந்தக் கன்று வீணாகும் என்று தயங்க வேண்டாம். முடிச்சு தெரிந்தால் முழு வண்டியையும் திருப்பி அனுப்புங்கள், ஒன்றையும் நிலத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். அடிவேர் லேசாகச் சுருண்டிருந்தால் நடும்போது பையின் அடி இரண்டு சென்டிமீட்டரைக் கத்தியால் வெட்டி எறியலாம்; பல சுற்று சுற்றியிருந்தால் வாங்க வேண்டாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட்டு, பாலித்தீன் பட்டை மிச்சம் இருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். ரசீதையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்து வைத்து, எந்த வரிசையில் எந்தத் தொகுதி என்று ஒரு தாளில் தோப்பு வரைந்து குறித்துவிடுங்கள். நான்காம் ஆண்டு முதல் காய் வரும்போது அந்தத் தாளைத்தான் கையில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டியிருக்கும்.